கஃபீன் நீக்கிய லயம்

உலக விஞ்ஞான வரலாற்றில் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு சிம்மாசனம் போட்டே ஆக வேண்டும். தேயிலையில் கஃபீன் இருக்கிறது என்ற மாபெரும் உண்மையை, தேயிலை நட்டு நூற்றைம்பது வருஷத்துக்குள்ளேயே அங்கே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்தவர் தோட்டத்து நலன்புரி அதிகாரி சிவஞானம்.

அவருக்கு வந்த தலைவலி இதுதான். மழை பெய்தால், மலையடியில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான கீழ் லயத்துச் சனம் தூங்குவதில்லை. விடிய விடியக் குந்தியிருந்துவிட்டு, காலையில் ஆளெண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்து வரிசையில் நின்று கொட்டாவி விடுகிறார்கள். கொழுந்து குறைகிறது. தோட்ட நிர்வாகியான பெரிய துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"மேல மலை வெடிச்சிருக்குங்க ஐயா," என்றாள் கொழுந்தெடுக்கும் பாக்கியலெட்சுமி. "வெடிப்புக்குள்ள என் கையே போகுது. அன்னைக்கு மலை சரிஞ்சு மீரியபெத்த லயத்த மூடுன மாதிரி நம்மளயும் மண்ணு மூடிருமுங்க. புள்ளைங்கள வச்சுக்கிட்டு எப்புடித் தூங்குறது? வேற எடம் குடுங்க."

"அது பயம். எனக்கு விஞ்ஞானக் காரணம் வேணும். ஒரு நாளைக்கு எத்தன தடவ தேத்தண்ணி குடிக்கிறீங்க?"

"கெடைக்கிறப்பல்லாம் குடிக்கிறதுதான்."

ஆகா! மூளை என்றால் அதுவல்லவா மூளை. அன்றே 'உறக்கமின்மை ஆய்வுக் குழு' உதயமானது. தலைவர் சிவஞானம், செயலாளரும் சிவஞானம். லயத்துத் தேயிலை பதுளைக்குப் போனது. அங்கே ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் ஸிஹாமா அதைக் கொதிக்க வைத்து வடித்து, குளோரோஃபோம் விட்டுக் குலுக்கி, வற்றவிட்டு, மிஞ்சிய வெள்ளைத் தூளைக் காட்டினாள்.

"கஃபீன். எல்லாத் தேயிலையிலயும் ஈக்கிற அல்கலோயிட்தானே சேர்."

"எங்க தோட்டத்துலயும் இருக்கே, மிஸ்!" சிவஞானத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நானும் நாள் முழுக்கப் பிளேன்டீ குடிக்கிற. தல சாஞ்சா இடி விழுந்தாலும் விளங்காது."

"நீங்க விதிவிலக்கு," என்று அவர் பெருந்தன்மையோடு மன்னித்தார்.

வேறு இடம் கேட்ட சனத்துக்குக் கஃபீன் நீக்கிய தேயிலை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மாலை, குத்துவிளக்கு, துரையின் உரை எல்லாம் உண்டு. லயத்தை மாற்றுவதைவிடத் தேயிலையை மாற்றுவது மலிவல்லவா! மழை வந்தது. சனம் மறுபடியும் குந்தியிருந்தது.

சிவஞானம் அசருகிற ஆளா? கொழுந்து கிள்ளும் விரல் வழியாகக் கஃபீன் உள்ளே ஏறுகிறது என்றார். பெண்கள் விரல் கழுவிய தண்ணீரும் போத்தலில் பதுளைக்குப் போனது. கடைசியில், குழுவின் கூட்டத்தை லயத்திலேயே வைத்து, அந்தத் தேயிலையைக் குடித்துத் தானே தூங்கிக் காட்டுவதாக அறிவித்தார்.

பட்டப்பகலில் பாக்கியலெட்சுமியின் அறையில் பாய் விரித்தார்கள். சிவஞானம் குடித்தார், சாய்ந்தார், கண்ணும் சொக்கியது. வெளியே சோவென்று மழை பிடித்தது. மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்து கூரைத் தகரத்தில் தடாலென்று விழுந்தது.

அவ்வளவுதான். செருப்பை மறந்தார், குழுவை மறந்தார். ஓடிப்போய் ஜீப்பில் ஏறிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"என்னங்க ஐயா, கஃபீன் எடுத்த தேத்தண்ணிதான குடிச்சீங்க?" பாக்கியலெட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள். "இப்பச் சொல்லுங்க, இங்க தூங்க முடியுமா?"

"ஜீப்ப எடுப்பா!" என்றார் டிரைவரிடம்.

இருந்தாலும் நிர்வாகத்தை மனசாரப் பாராட்ட வேண்டும். இடமாற்றம் தாமதமாகிறது என்று இனி ஒரு வாய் குறை சொல்லக் கூடாது. அந்தச் சரிவின் கீழே மனுசர் இருப்பது உயிருக்கு ஆபத்து என்று சிவஞானம் அன்று மாலையே துரைக்கு அறிவித்தார். துரையும் அன்று மாலையே, பங்களாவுக்குப் பக்கத்தில் வெடிப்பில்லாத நல்ல சமதரையாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார். ஆய்வுக் குழுவின் கூட்டங்கள் இனிமேல் அங்கேதான் நடக்கும்.