வேன் கதவில் ஒட்டிய அட்டவணை குறித்து மாப்பிள்ளைக்கு

டுலூத், மார்ச் மாதம், சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை டெரிக் நூர்மி அவர்களுக்கு மாமனார் ஆர்விட் டொலெஃப்சன் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர யாவும் சுகம். தாங்களும் என் மகள் சொல்வியும் தங்கள் எண்ணெய் டப்பாவும் சுகமாயிருக்க ஆண்டவர் அருள்புரிவாராக.

நிற்க. கம்பளம் கழுவும் அந்த வேனை இருபத்தாறு வருஷம் காதால் கேட்டே ஓட்டினவன் நான். தங்களிடம் கொடுத்த வாரமே கதவில் அட்டவணை ஒட்டினீர்கள். தினமும் நூலும் நாய்முடியும் சிக்கும் வலையைக் கழுவ வேண்டுமாம், அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை அலச வேண்டுமாம், சாயங்காலமானால், தண்ணீரை உறிஞ்சுகிற புளோயர் எந்திரத்துக்கு எண்ணெய் அடிக்க வேண்டுமாம். பச்சைக் குழந்தைக்குக்கூட இத்தனை பணிவிடை கிடையாது. எண்ணெய் அடித்ததும் வெள்ளைப் புகை கிளம்ப, எதிர்வீட்டு லைல் ஓடிவந்து, "என்ன ஆர்விட், உன் மாப்ள வேனைக் கொளுத்திட்டாரா?" என்று கேட்டபோது என் மானம் போயிற்று.

ஆகவேதான் தாங்கள் தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு, கம்பளம் கழுவச் சொல்லியிருந்த மார்கிட் அம்மாள் வீட்டுக்கு வந்தேன். நாளை அவர் பேத்திக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்கு, பிறகு இந்தக் கூடத்தில் நாற்பது பேருக்கு விருந்து. வலையையும் தொட்டியையும் நான் பார்க்கவில்லை, பார்த்த வழக்கமும் இல்லை. இருபது நிமிஷத்தில் எந்திரம் தானாக நின்றது. தொட்டி நிறைந்தால் மிதவை மேலே வந்து நிறுத்துமாம், இதுவும் தங்கள் உபயம். காலணியை வாசலில் கழற்றியிருந்தேனா, அதிலிருந்து ஒரு கயிற்றை உருவி மிதவையை மேலே வராதபடி கீழே இழுத்துக் கட்டினேன். எந்திரம் சிங்கம் மாதிரி ஓடிற்று! கொஞ்ச நேரத்தில் புகைக்குழாய் வழியாக அழுக்கு நுரை பீய்ச்சியடித்து, முற்றத்துப் பனி முழுக்கக் காப்பி நிறம். மார்கிட் அம்மாள் ஜன்னலில் நின்று பார்த்தார்.

"இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இருக்கு, ஆர்விட்."

நம் ஊரில் ஒருத்தி இப்படிச் சொன்னால் அதற்கு மேல் வசவு கிடையாது என்பது தங்களுக்கே தெரியும். "வசந்தம் வந்தா எல்லாம் கரைஞ்சிடும்மா" என்றேன். அப்போது புளோயர் ஒரு முறை அலறிவிட்டு அடங்கியது. காரணம் தெளிவு: தினமும் எண்ணெய் காட்டிக் காட்டி அதற்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவர் தாங்கள். பாடுபட்ட எந்திரத்தைச் சீமாட்டி ஆக்கிவிட்டீர்கள். தாங்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. இன்று முதல் வேன் என் பொறுப்பு, தாங்கள் சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்த்துக்கொள்ளலாம்.

சொல்விக்கு என் முத்தங்கள். தங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம்நாடும் மாமனார்,
ஆர்விட்

பி.கு.: இக்கடிதத்தைக் கொண்டுவருபவர் மார்கிட் அம்மாளேதான். என் போன் அழுக்குத் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. கூடத்துக் கம்பளத்தைப் பிழிந்தால் வாளி நிறையும், உறிஞ்ச வழியில்லை, விருந்தோ நாளைக்கே. அவர் காரிலேயே உடனே கிளம்பி வாருங்கள், மாப்பிள்ளை. எண்ணெய் டப்பாவையும் எடுத்து வாருங்கள். வேன் உங்களுடையதுதான், எழுதித் தருகிறேன். அம்மாள் இதுவரை மூன்று முறை "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.