இருபாலர் இதயச் சமத்துவத் திட்டம்

சிங்கப்பூரின் ஈசூனில் என் மகள் நிரஞ்சனா படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் சென்ற ஆண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் இதய நலப் பரிசோதனை நடந்தது. பையன்களின் சராசரி ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு, பெண்களுடையது நூற்றுப் பதினொன்று என்று அறிக்கை வந்தது.

நீங்களும் நானும் என்றால் "ஓடி விளையாடுங்கடா" என்று பையன்களை விரட்டிவிட்டு வேறு வேலை பார்ப்போம். மாணவர் நலச் சீராக்கப் பிரிவின் அதிகாரி திரு கதிரேசன் ஆழமாகச் சிந்திப்பவர். இதற்காக அவர் கூட்டிய கூட்டத்தில் பெற்றோர் பிரதிநிதியாக நானும் இருந்தேன்.

"ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏழு புள்ளி வித்தியாசம்! இந்தக் காலத்துல இது அநியாயம் இல்லையா? மார்ச்சுக்குள்ள பூஜ்யமா ஆகணும்" என்றார்.

பள்ளித் தாதி ஃபஸீலா கை தூக்கினார். "பையன்களுக்கு உப்பைக் குறைச்சு, தினமும் ஓட வச்சா இறங்கும் சார்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷமாவது ஆகும்."

"பெண்களோடத ஏத்தறதுக்கு?"

தாதி விழித்தார். "அது சீக்கிரமே ஏறிடும். ஆனா சார்..."

"ஆனாவெல்லாம் மினிட்ஸ்ல ஏறாது லா!"

திட்டம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனதில் என் மனமும் அடக்கம். கூட்டம் முடிந்தால்தான் பிரியாணி என்றிருந்தார்கள்.

மாணவிகளுக்கு உடற்கல்வி ரத்தானது. கேன்டீனில் அவர்களுக்கு மட்டும் உப்புக் கருவாடும் இகான் பிலிஸ் என்கிற நெத்திலி வறுவலும் இலவசம். வாரம் மூன்று முறை, சொல்லாமல் கொள்ளாமல் கணக்குப் பரீட்சை.

மூன்றாம் வாரம் ஃபஸீலா போன் செய்தார். "அண்ணே, நிரஞ்சனாவுக்கு நூத்தி நாப்பத்திரண்டு. தலை சுத்துதுன்னு படுத்திருக்கா. உடனே டாக்டர்ட்ட காட்டுங்க."

பதறியடித்துப் பள்ளிக்கு ஓடினேன். வாசலில் கதிரேசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள்! உங்க பொண்ணாலதான் சராசரி சமமாச்சு!"

டாக்டர் என்னைத்தான் திட்டினார். உப்பை நிறுத்தினோம். தினமும் மாலை வீட்டருகே உள்ள குளத்தைச் சுற்றி அப்பாவும் மகளும் ஓடினோம். இரண்டே மாதத்தில் அவள் நூற்றுப் பத்துக்கு இறங்கினாள். என்னை முந்திக்கொண்டு ஓடிச் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரம் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் மகள் வகுப்புச் சராசரியைவிடப் பின்தங்கியுள்ளார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

சிங்கப்பூர்ப் பெற்றோரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், பின்தங்கியுள்ளார் என்று மட்டும் சொல்லக்கூடாது. அன்றிரவு நானும் மனைவியும் சாப்பிடவில்லை.

சிராங்கூன் சாலையில் 'ரத்த அழுத்த டியூஷன், தனிக் கவனம்' என்று புதிதாக ஒரு நிலையம் திறந்திருந்தார்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே நிரஞ்சனாவை இழுத்துக்கொண்டு போனேன். வரிசை அதற்குள் சாலை முனையைத் தாண்டியிருந்தது.

எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். தாதி ஃபஸீலா, தம் மகளோடு.

"நீங்களுமா?" என்றேன்.

"நமக்கு எல்லாம் தெரியும்தான் அண்ணே" என்று குரலைத் தாழ்த்தினார். "ஆனா மத்த பிள்ளைங்க எல்லாம் நூத்தம்பதுக்குப் போயிடுச்சே!"