தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம்

மாப்பிள்ளை வீட்டின் நூறாவது ஆள் பந்தலுக்குள் நுழைந்தபோது, பொன்னுதுரை முக்காலி மேல் நின்றபடி திருதிருவென்று விழித்தார். நூறு என்று மாட்டப் பலகையில் இடம் இல்லை.

அவருடைய அக்கா கமலவேணியின் சின்ன மகளுக்குக் கல்யாணம். மலாக்காவில், காஜா பெராங்கில் அக்கா வீட்டு வாசல் குறுகலானது. அதனால் சமையல் கொட்டகையை ரோட்டுக்கு எதிர்ப்புறம், காலி மனையில் போட்டிருந்தார்கள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று இங்கிருந்து கத்தினால், நாயனச் சத்தத்தில் சமையல்காரர் கருணாகரனுக்குக் கேட்காது. தாய்மாமனான பொன்னுதுரைதான் அதற்கு வழி கண்டுபிடித்தார். தான் செயலாளராக இருக்கும் பூப்பந்துக் கழகத்தின் புள்ளிப் பலகையைக் கொண்டுவந்து, வாசல் கம்பத்தில் ரோட்டைப் பார்த்தபடி உயரமாக மாட்டினார். ஒரு பக்கம் மாப்பிள்ளை வீடு, மறுபக்கம் பெண் வீடு. முழுதாக எழுத இடம் போதாததால் 'மா.வீ.', 'பெ.வீ.' என்று சுண்ணக்கட்டியால் எழுதினார். பக்கத்துக்கு இரண்டு ஆணி, ஆணிக்கு ஓர் எண் தகடு. வருகிறவரிடம் "எந்தப் பக்கம்?" என்று கேட்க வேண்டியது, தகட்டை மாற்ற வேண்டியது. இந்த மூளை வேறு யாருக்கு இருக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

கர்வத்தோடு பயமும் இருந்தது. மூத்தவள் கல்யாணத்தில் சோறு பத்தவில்லை. அந்தச் சம்பந்தி வீட்டார் இன்றைக்கும் கமலவேணி வீட்டுக்கு வந்தால், "சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுகிறார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் அக்கா தாங்க மாட்டாள்.

"எங்க பக்கம் அறுபது பேருதான் தம்பி" என்று மாப்பிள்ளையின் அத்தை சிவகாமசுந்தரி முன்கூட்டியே சொல்லியிருந்தார். பொன்னுதுரையும் நம்பினார். ஆனால் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. மெர்டேக்கா சுதந்திர நாள் முடிந்த வாரம். ஊரில் தோரணம் கட்டாத வாசலே இல்லை, பந்தாட்டப் போட்டி நடக்காத திடலே இல்லை. கிளேபாங்கிலிருந்தும் புக்கிட் ரம்பாயிலிருந்தும் சைக்கிளில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சீனரும் மலாய்க்காரரும்கூட வந்தார்கள். "எந்தப் பக்கம்?" என்றால் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு மா.வீ.யைக் கைகாட்டினார்கள். மாப்பிள்ளை அரசாங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, ஆபீஸ் சிநேகிதர்கள் போலிருக்கிறது என்று பொன்னுதுரை கும்பிட்டு உள்ளே அனுப்பினார்.

இப்போது நூறு. வேறு வழி தெரியாமல் இரண்டு ஆணியிலும் பூஜ்யத்தை மாட்டினார்.

"என்ன தம்பி, எங்களுக்கு மட்டும் முட்டையா?" சிவகாமசுந்தரி பின்னாலேயே நின்றிருந்தார்.

"முட்டை இல்லம்மா. இது நூறு."

"நூறா? அறுபதுன்னு சொன்னேன்லா?"

"சொன்னது நீங்க அறுபதும்மா. வந்தது நூறு."

அந்த அம்மாளின் முகம் சுருங்கிப் போனது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருணாகரனும் பலகையைப் பார்த்தார். தொண்ணூற்றொன்பது பேர் இருந்த இடத்தில் ஒருவர்கூட இல்லை! பெரிய அண்டாவின் அடியிலிருந்து விறகை உருவிப் போட்டுவிட்டு, கரண்டியும் கையுமாகக் கமலவேணியிடம் ஓடிவந்தார்.

"அம்மா, மோசம் போனோம்! மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க கோவிச்சிக்கிட்டு மொத்தமா போயிட்டாங்க!"

"ஐயையோ! மாப்பிள்ளையுமா?"

"போர்டுல ரெண்டு முட்டை தொங்குதும்மா!"

கமலவேணி அழுதுகொண்டே மணவறைக்கு ஓடி, "போவாதீங்க மாப்பிள்ளை, என்ன கொறைன்னாலும் சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாலையைச் சரிசெய்துகொண்டிருந்த மாப்பிள்ளை மிரண்டுபோய், "நான் எங்கயும் போவலையே அத்தை" என்றார்.

விஷயம் விளங்கியதும் பொன்னுதுரை கருணாகரனைத் தனியே இழுத்துப் போனார்.

"இதோ பாருங்க. நூறு ஆயிட்டா தவில்காரரை ஓங்கி ஒரு அடி அடிக்கச் சொல்றேன். ஒரு அடின்னா நூறு பேரு. போர்டுல இருக்கிறதை அதோட சேர்த்துக்குங்க. சரியா?"

"ஒரு அடிக்கு நூறு பேரு. விளங்கிடுச்சு."

தவில்காரர் ஓங்கி ஓர் அடி அடித்தார். அண்டா மறுபடி அடுப்பேறியது. பொன்னுதுரைக்கு நெஞ்சு குளிர்ந்தது. தகடுகளை மாற்றிக்கொண்டே நிம்மதியாக ஒரு வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டார்.

முகூர்த்தம் வந்தது. அவரும் மணவறை ஓரம் போய் நின்றார். ஐயர் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். தூக்கி வளர்த்த பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துப் பொன்னுதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. அட்சதை போட்டார், மூக்கைச் சிந்தினார். தவில் பொரிந்து தள்ளுவது அவர் காதிலேயே விழவில்லை.

கருணாகரன் காதில் நன்றாக விழுந்தது. அடிக்கு ஒரு விரலாக மடக்கினார். பத்து விரலும் தீர்ந்ததும் மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினார். அதுவும் தீர்ந்ததும் கையை உதறிவிட்டு, "டேய், மலாக்காவே வருதுடா! இருக்கிற அரிசியெல்லாம் கொட்டுங்க!" என்று அலறினார். மூட்டைகள் காலியாயின. பக்கத்துக் கடையில் கடனுக்கு அரிசி வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளில் குளிக்க வெந்நீர் போடும் தவலையெல்லாம் அடுப்பேறியது.

சோறு பத்தாமல் போகவில்லை. வந்தவர்கள் அத்தனை பேரும் வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும், பாயில் கொட்டி வைத்த சோறு பொன்னுதுரையின் இடுப்பளவுக்கு நின்றது.

கமலவேணி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "போர்டுல எடம் இருக்கான்னு மொதல்லயே பார்க்க வேணாமாடா? உள்ள வர்றவன் யாருன்னு கேட்டு விட வேணாமா?"

"கேட்டேன்க்கா! ஒருத்தர் விடாம எந்தப் பக்கம்னு கேட்டேன். அத்தனை பேரும் மாப்பிள்ளை பக்கம்னுதான் சொன்னாங்க. இந்த அம்மாதான் அறுபதுன்னு பொய் சொல்லி..."

"யாரு பொய் சொன்னது?" சிவகாமசுந்தரி குறுக்கே வந்து நின்றார். "நானே தலையை எண்ணி பஸ்ல ஏத்துனேன். எங்க ஆளுங்க அறுபதே பேரு. மத்தவங்க எல்லாம் உங்க ஆளுங்க! தாலி கட்டின அன்னைக்கே பொய்க்காரின்னு பட்டமா? எல்லாரும் கெளம்புங்க. இவங்க கையெடுத்துக் கும்பிட்டாத்தான் பொண்ணைக் கூட்டிட்டுப் போவோம்!"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துகொண்டார்கள். மணப்பெண் விசும்பினாள். கமலவேணி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆனது ஆகட்டும், அந்த அம்மாள் காலிலேயே விழுந்துவிடலாம் என்று பொன்னுதுரை குனியப் போனார்.

அப்போது, கை கழுவிவிட்டு வந்த புக்கிட் ரம்பாய் ஆள் ஒருவர் தன் சிநேகிதர்கள் புடைசூழ வந்து அவர் தோளைத் தொட்டார்.

"சாப்பாடு பிரமாதம்ண்ணே. நாங்க எல்லாருமே மா.வீ. பக்கம்தான். ஆட்டம் எப்ப ஆரம்பிக்கும்?"