எங்கள் காரில் சார்ஜ் கசிகிறது

உயிருள்ளவரை இனி பெட்ரோல் பங்க் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் சபதம் எடுத்தது சோளக்காடு என்கிற எங்கள் மலையூர் டீக்கடையில். சாட்சிக்கு ஏழு பேர், ஒரு தட்டு வடை. இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் எடுத்திருக்கக் கூடாது. தனியாக எடுத்திருந்தால் தனியாகவே கைவிட்டிருக்கலாம்.

எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டேன். "ஒரு தடவை சார்ஜ் போட்டா இருநூத்தம்பது கிலோமீட்டர் சார்" என்றார் விற்றவர். அவர் சமவெளிக்காரர். அவர் சொன்னதும் சமவெளிக் கிலோமீட்டர். கொல்லிமலையில் எங்கள் வீட்டுக்கு அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அந்த எழுபதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவரைக் கேட்கத் தோன்றவில்லை. மாலை போட்டார்கள், சாவி கொடுத்தார்கள், வந்துவிட்டேன்.

அன்றோடு நிம்மதி போச்சு. பழைய காரில் பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று நான் பார்த்ததே கிடையாது. இதில் அந்தச் சார்ஜ் சதவீதத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. நூறு என்றால் சிரிப்பேன். தொண்ணூறு என்றால் வியர்க்கும். எண்பது என்றால் சொத்துபத்தெல்லாம் யாருக்கு என்று யோசிக்க ஆரம்பிப்பேன். ஹாரன் அடித்தால் சார்ஜ் குறையுமோ என்று பயந்து, வளைவு வந்தால் தலையை வெளியே நீட்டி "ஓய்... ஓய்..." என்று வாயாலேயே கத்திக்கொண்டு போனேன்.

சோளக்காட்டில் எனக்கு மிளகுக் கடை. சார்ஜை மிச்சம் பிடிக்க, கார் சாவியை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுக் கடைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, செம்மேட்டுல மகளிர் குழுக் கூட்டம் இருக்குது. கொண்டு போயி உடறீங்களா?" என்றாள் என் மனைவி பானுமதி.

"போக வர எட்டு பர்சென்ட் ஆவும் புள்ள. பஸ்ல போ."

"நீங்களும் பஸ்ல போறீங்க, நானும் பஸ்ல போறேன். அப்பறம் கார் எதுக்குங்க?"

"அவசரத்துக்கு."

"என்ன அவசரத்துக்கு?"

"அது வந்தாத்தான தெரியும்!"

"அப்ப எனக்காச்சும் ஓட்டச் சொல்லிக் குடுங்க."

நான் சிரித்தேன். இந்த இடத்தில்தான் ஐயா தப்புப் பண்ணினேன். சிரித்ததோடு விட்டேனா? "எழுபது வளைவு புள்ள! உனக்கெல்லாம் வராது" என்று வேறு சொல்லிவைத்தேன்.

பானுமதி பதிலுக்கு இரண்டு வார்த்தை திட்டினால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். பேசாமல் உள்ளே போனால் எங்கோ எனக்குக் குழி வெட்டுகிறாள் என்று அர்த்தம். அன்று பேசாமல் போனாள்.

அடுத்த வாரம் சார்ஜ் கசிய ஆரம்பித்தது.

காலையில் தொண்ணூற்றைந்து. சாயந்திரம் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், எண்பத்தொன்று. வண்டி கொட்டகையில்தான் நிற்கிறது. மறுநாள் தொண்ணூற்றாறு, எழுபத்தொன்பது.

"பானு! சார்ஜ் எங்க போச்சு?"

"எங்கிட்ட கேட்டா? நானா எடுத்துத் தின்னேன்? வெயிலுக்கு ஆவியாயிருக்குமுங்க."

நானும் ஈரச் சாக்கை எடுத்து பானெட் மேல் போட்டேன். சாக்கு காய்ந்தது. சார்ஜும் காய்ந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லமுத்து இருபது வருஷமாக மலையில் ஜீப் ஓட்டுகிறவன். வண்டி விஷயத்தில் அவன் சொன்னால் சொன்னதுதான்.

"ஏப்பா செல்லமுத்து, பேட்டரி கசியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் எங்கள் வாசலில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த பானுமதியைப் பார்த்தான். "கசியுமுங்கண்ணா. புதுசுல கொஞ்ச நாளைக்குக் கசியும். ரிவர்ஸ் செரியா வந்துருச்சுன்னா நின்னுரும்."

"என்ன ரிவர்ஸ்?"

"கரண்ட்டு ரிவர்ஸுங்கண்ணா."

விஷயம் தெரிந்தவன் பேச்சு இப்படித்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

கசிவு மட்டுமா? வண்டியில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. வாங்கினபோது இடிக்கவில்லை. வயிறும் முட்டியது.

"தொப்பை போட்டுருச்சுங்க" என்றாள் பானுமதி, என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு. அன்று இரவிலிருந்து அரிசிச் சோறு நின்றது. இரண்டு வேளையும் ராகிக்களி. சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டு உட்காருவேன். இரண்டு நாளில் மறுபடி இடிக்கும். களி சாப்பிடச் சாப்பிடத் தொப்பை வளர்கிறதே என்று உள்ளுக்குள் அழுதேன்.

ஒருநாள் சாமான் வாங்கத் திருச்சி போய்விட்டுப் பொழுது சாய வந்தேன். நாற்பத்தேழு! தொண்ணூற்றெட்டில் விட்டுப்போன வண்டி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். பானுமதியோ அன்றைக்கென்று கேசரி கிண்டியிருந்தாள். "இந்த நேரத்துல கேசரி கேக்குதா?" என்றேன். "மனசுக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க" என்றாள். கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டே இரண்டு கரண்டி சாப்பிட்டேன்.

இந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரிலிருந்து மகள் ராதிகா போன் பண்ணினாள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள், இருநூறு கிலோமீட்டர், வர வேண்டும். விஷயம் பரவி, டீக்கடையில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். "கார்லதான் போவேன்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நடுரோட்டில் நின்றுபோனால் மாப்பிள்ளை வீட்டார் முன் என் மானம் என்ன ஆவது? மலை பூராவும் சிரிக்குமே!

"கயிறு ரெடியா வெச்சுக்கறேனுங்கண்ணா. நின்னா போன் பண்ணுங்க" என்றான் செல்லமுத்து.

"ஒரு பேச்சுங்க" என்றாள் பானுமதி. "போற வண்டியிலயே திரும்பி ஊடு வந்து சேரோணும். வேற வண்டியில வந்தீங்கன்னா, அன்னையிலிருந்து சாவி எங்கிட்ட. செரியா?"

பீரோ சாவி, பெட்டிச் சாவி, கொட்டகைச் சாவி எல்லாம் ஏற்கெனவே அவள் இடுப்பில்தான். இன்னொன்றையும் எடுத்துப் பூட்டிவைக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "செரி" என்றேன். செல்லமுத்து சாட்சி.

கிளம்பும் நாள் விடியற்காலையில் நூறு வரும்வரை சார்ஜ் போட்டேன்.

"நூறு வைக்காதீங்க. எண்பத்தஞ்சுல நிறுத்துங்க. மலை எறங்கும்போது சக்கரம் சுத்தற வேகத்துல சார்ஜ் தானா ஏறும். நெறைஞ்ச பேட்டரியில எடமிருக்காது, பிரேக்குதான் காஞ்சு போவும்" என்றாள் பானுமதி.

"உனக்கு ஆரு சொன்னா?"

"ஆரோ சொன்னாங்க."

சட்டை செய்யவில்லை. மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் எங்களுக்கு இல்லையாதலால், இரண்டு மூட்டை மரவள்ளிக்கிழங்கு, மூன்று பலாப்பழம், இரண்டு வாழைத்தார் பின்னால் ஏறின. ஒவ்வொன்று ஏறும்போதும் எத்தனை கிலோமீட்டர் போச்சோ என்று விரல் விட்டு எண்ணினேன். முப்பதாவது வளைவு இறங்கும்போது பிரேக்கிலிருந்து தீய்ந்த வாசம். நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். பானுமதி பலாச்சுளையை உரித்துத் தின்றுகொண்டு காட்டை வேடிக்கை பார்த்தாள்.

சமவெளியில் ஏசி போடவில்லை, பாட்டுப் போடவில்லை. கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டதால் அதையும் இறக்கவில்லை. பலாப்பழ வாசத்தில் இருவரும் வெந்தோம். பெருந்துறை தாண்டி ஒரு ஓட்டலில் சார்ஜ் மெஷின் இரண்டு. ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு கார் நின்றது, அதன் குடும்பம் உள்ளே சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் பாயசத்துக்கு வந்துவிட்டார்களா என்று நான் மூன்று தடவை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். என் முறை வந்ததும் மெஷின் பக்கத்திலேயே காவல் நின்றேன். பானுமதி உள்ளே போய்த் தோசை சாப்பிட்டு, அந்தக் குடும்பத்தோடு போன் நம்பர் மாற்றிக்கொண்டு வந்தாள்.

போய்ச் சேர்ந்தோம். பால் பொங்கியது. எல்லாரும் பானையைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக, சார்ஜுக்குச் செருகிவைத்த வயரைப் பார்த்தேன்.

திரும்பும் நாளில் சம்பந்தி வீட்டுச் சீர் ஏறியது. ஒரு சிப்பம் அரிசி, முப்பது தேங்காய், அதோடு அம்மாவுக்கென்று ராதிகா வாங்கிய கோயம்புத்தூர் கிரைண்டர். கல்லோடு! வேண்டாமென்று சொல்ல முடியுமா? சிரித்துக்கொண்டே தூக்கி வைத்தேன்.

வழியில் ஒரு தடவை சார்ஜ் போட்டு, நாமக்கல் வரும்போது முப்பத்தாறு. "இங்க கொஞ்சம் போட்டுக்கலாமுங்க" என்றாள் பானுமதி. மெஷின் முன்னால் மூன்று கார் வரிசை. "அடிவாரத்துல நம்ம அர்த்தனாரி மண்டியில போட்டுக்கலாம்" என்றேன். அர்த்தனாரி என்னிடம் மிளகு வாங்குகிற பழைய சிநேகிதன், காளப்பநாயக்கன்பட்டியில் கிழங்கு மண்டி வைத்திருக்கிறான்.

மண்டி வாசலில் நிறுத்தினபோது இருபத்தெட்டு. மணி பதினொன்று.

"கரண்ட்டா?" என்றான் அர்த்தனாரி. "இல்லப்பா முருகானந்தம், இன்னிக்கு லைன்ல மாசாந்திரப் பராமரிப்பு. சாயந்திரம் அஞ்சு மணிக்குத்தான் வரும்."

அதுவரை காத்திருந்து சார்ஜ் போட்டால் இருட்டில் அல்லவா மலை ஏற வேண்டும்! எதிரே மலை சுவராக நின்றது. இருபத்தெட்டில் ஏறுமா? எத்தனை ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாங்கிய அன்று விற்றவரின் ஆள் அல்லவா ஓட்டிக்கொண்டு வந்து மேலே விட்டான்! அறுபதாவது வளைவில் நின்றுபோனால்? பின்னால் உருண்டால்? செல்லமுத்து கயிறோடு வந்தால்?

"எடையைக் குறைக்கணும்" என்றேன். "பானு, நீ பஸ்ல போயிரு. நான் மெதுவா ஏத்திக் கொண்டாந்தர்றேன்."

"செரிங்க" என்றாள் உடனே. எனக்கு ஆச்சரியம். "எடைதானுங்க பிரச்சினை? அப்ப எடை போட்டே பாத்துரலாமுங்க. கனமான ஆளு எறங்கட்டும்."

மண்டியில் மூட்டை போடும் எடை மெஷின் பேட்டரியில் ஓடுகிறது. அதற்குக் கரண்ட் வேண்டாம், என் கெட்ட நேரம். பானுமதி ஏறினாள். ஐம்பத்தாறு. நான் ஏறினேன். எண்பத்திரண்டு.

"இருபத்தாறு கிலோ வித்தியாசம்" என்றான் அர்த்தனாரி, கிழங்குக்குச் சொல்வதுபோலவே.

"நீங்க பஸ்ல வாங்க" என்றாள் பானுமதி.

"நான் பஸ்ல வந்தா வண்டிய ஆரு ஓட்டறது?"

அவள் கைப்பையைத் திறந்தாள். ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள். போட்டோவில் பானுமதி சிரித்துக்கொண்டிருந்தாள். டிரைவிங் லைசென்ஸ்! தேதியைப் பார்த்தேன். நான் திருச்சி போன நாள். கேசரி நாள்.

"இருபத்திரண்டு ஆவுமுங்க, கிரைண்டரோட சேத்து இருபத்திமூணு. அஞ்சு மிச்சமிருக்கும்" என்றாள். "ஆறு தடவை ஏறியிருக்கேன்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அதை ஒரே இழுப்பில் முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்களுக்கு இரண்டு வளைவு மேலே என் கார் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். "பாம், பாம்!" ஒவ்வொரு பாமுக்கும் எனக்கு உயிர் போனது. தாராளமாக அடிக்கிறாளே, தாயே, அஞ்சுதானே மிச்சம்!

"அந்தக் கார் ஆருதுங்க? வளைவுல என்னமா ஒடிச்சுத் திருப்புறாங்க!" என்றார் பஸ் டிரைவர்.

சும்மா இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். "எங்க ஊட்டுக்காரிங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. அதை நினைத்து எரிச்சலாகவும் இருந்தது.

பஸ் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். கொட்டகையில் கார். செல்லமுத்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சதவீதம் ஐந்து. முழங்கால் ஸ்டியரிங்கில் ணங்கென்று இடித்தது. அப்போதுதான் எனக்குச் சார்ஜ் கசிவு, செல்லமுத்து சொன்ன ரிவர்ஸ் எல்லாம் விளங்கியது.

"அப்ப எனக்குத் தொப்பை?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"ரெண்டு மாசமா களி போட்டியே!"

"ஒடம்புக்கு நல்லதுங்க."

விடுவேனா? "வண்டி எங்கயும் நிக்கல. ஊடு வந்து சேந்துருச்சு. அதனால பந்தயத்துல நாந்தான் செயிச்சேன். சாவியக் குடு."

"வண்டி நின்னா சாவி எங்கிட்டன்னு நான் சொல்லவே இல்லீங்களே. நீங்க வேற வண்டியில ஊடு வந்தா எங்கிட்டன்னுதானுங்க சொன்னேன்?" என்றாள் பானுமதி. செல்லமுத்து என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த பஸ் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான்.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனாள். வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்று திரும்பினாள்.

"எறங்கும்போது சீட்டைப் பின்னால தள்ளீராதீங்க. காலையில எனக்குக் குழுக் கூட்டம், உங்களுக்கு ஏழே கால் பஸ்ஸு."