மூன்று ரூபாய் இரண்டணா

பூந்தமல்லி ஜனசுகிர்த நிதியின் படியை விட்டு இறங்கிய கோதண்டம், பாஸ் புத்தகத்தை நான்காவது முறையாகப் பிரித்துப் பார்த்தான். எண் மாறவில்லை. ஜூன் மாத முடிவு வட்டி என்று எழுதி, அதற்கு நேரே மூவாயிரத்து இருநூறு ரூபாய் என்று போட்டிருந்தது.

நிதியில் அவன் போட்டு வைத்திருந்ததே நூறு ரூபாய். அரை வருஷத்துக்கு அதன் வட்டி மூன்று ரூபாய் இரண்டணா. குமாஸ்தா அசதியில் ரூபாய்க்கும் அணாவுக்கும் நடுவே கோடு போட மறந்து, எண்ணையும் சுழியையும் ஒட்டி, ஒரு சுழியைக் கூடுதலாகவும் எழுதியிருக்க வேண்டும். நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட கோதண்டத்துக்கே இது புரிந்தது.

அது 1936ஆம் வருஷம். கோதண்டத்துக்குக் குமணன்சாவடியில், ரஸ்தா ஓரமாக, ஒரு வாடகை சைக்கிள் கடை. மொத்தம் நாலு சைக்கிள், மணிக்கு அரையணா. அதில் இரண்டுக்கு டயர் போய்விட்டது. புது டயர் வாங்கப் பத்து ரூபாய் எடுக்கலாம் என்றுதான் நிதிக்கு வந்திருந்தான். வந்த வேலை மறந்தே போயிற்று.

உள்ளே திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு படி ஏறினான். கூட்டமாக இருந்தது. இறங்கினான். மறுபடியும் ஏறினான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் மிதித்தான்.

வழியில் மனசு சும்மா இருக்கவில்லை. புது சைக்கிள் ஒன்று நாற்பத்தைந்து ரூபாய் என்றால், மூவாயிரத்து இருநூறுக்கு எழுபது சைக்கிள் வரும். எழுபதையும் வரிசையாக நிறுத்தினால் கடை வாசலிலிருந்து எதுவரைக்கும் போகும் என்று யோசித்துப் பார்த்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் எழுபது சைக்கிளுக்கும் தினம் யார் காற்றடிப்பது என்ற கவலை பிடித்துக்கொண்டது. வீடு போய்ச் சேர்வதற்குள் கையெல்லாம் வலிப்பது போல இருந்தது.

அவன் மனைவி சாமுண்டீஸ்வரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் புத்தகத்தை வாங்கி, அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று முதலில் கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஊரான் பணம் நம்ம பேர்ல குந்திகினு கீது. நாளைக்குப் போலீசு வந்து உன்னை இட்டுகினு போனா, சைக்கிளுக்குப் பஞ்சர் நானாய்யா ஒட்டுவேன்? காதும் காதும் வெச்ச மாதிரி போய்ச் சொல்லிட்டு வந்துடு."

மறுநாள் பத்து மணிக்குக் கோதண்டம் நிதியின் காரியதரிசி ஜானகிராமன் முன்னால் நின்றான். ஜானகிராமன் ஜரிகைத் தலைப்பாகையும் கணீரென்ற குரலும் உள்ளவர். கோதண்டம் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் விஷயத்தைச் சொன்னான். காரியதரிசி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பேர்ல மூவாயிரத்து எரநூறு ரூபா வட்டி ஏறியிருக்கு. அது அதிகம்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

பணம் கட்ட வந்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதுவரை அந்த அறையில் நின்றே பழக்கப்பட்ட கோதண்டத்துக்கு நாற்காலி வந்தது. பியூன் வேம்புலி ஒரு சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தான். காரியதரிசி பேரேட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு, அதிலும் அதே தொகைதான் இருக்கிறது என்றார். பேரேட்டில் ஏறிவிட்டதை நினைத்தபோது அடிக்க முடியாது, ஆவணியில் ஆடிட்டர் வருவார், அதுவரை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

கோதண்டத்துக்கு அவ்வளவு பெரிய மனு எழுத வராது. ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரிடம் போனான். அவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு வரி எழுதி முடித்ததும் அதை உரக்கப் படித்துக் காட்டுவார். அதற்கும் சேர்த்துத்தான் நாலணா. 'என் கணக்கில் கிடக்கும் ரூபாய் மூவாயிரத்து இருநூறை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விளங்காதபடியால்' என்று அவர் படித்தபோது, பத்திரம் பதிய வந்தவர்கள் தங்கள் பத்திரத்தை மறந்துவிட்டு அவனைச் சுற்றி நின்றார்கள்.

சாயங்காலத்துக்குள் குமணன்சாவடி முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த நாள் முதல் சைக்கிள் எடுத்துப் போனவன், திருப்பிக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் பேசாமல் நடந்தான். அரையணாவைக் கேட்டதற்கு, "உனக்கு எதுக்கு மாமே அரையணா?" என்று சிரித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். நாலு நாளில் கல்லாவில் விழுந்தது மொத்தம் மூன்றணா. அதையும் கொடுத்தவர் வெளியூர்க்காரர்.

ஐந்தாம் நாள் அம்மன் கோவில் ஆடித் திருவிழாவுக்கு நன்கொடை கேட்டு எட்டுப் பேர் வந்து கடை முன்னால் உட்கார்ந்தார்கள். கோதண்டம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர்கள் எழுந்திருக்கவில்லை. வந்தவர்களை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று, கடை வாடகைக்காக வைத்திருந்த பதினைந்து ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டான். கேட்டவுடனே பதினைந்து ரூபாயை எடுத்து நீட்டுகிறவனிடம் எவ்வளவு இருக்கும்! ஊரில் அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த இரண்டொருவருக்கும் அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

கடை வாடகைக்கு வேறு வழியில்லாமல் சாமுண்டீஸ்வரி தன் கம்மலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். இவ்வளவு பணம் உள்ள வீட்டுப் பெண்பிள்ளை அடகு வைக்க வருவதாவது, தன் தராசைச் சோதிக்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டாராம்.

கம்மலை மறுபடியும் மாட்டிக்கொண்டே அவள் ஒரு யோசனை சொன்னாள். மொத்தப் பணத்தையும் எடுத்து, நாலு பேர் பார்க்கக் காரியதரிசி மேஜையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்துவிட வேண்டியது. அப்புறம் யார் என்ன பேச முடியும்?

யோசனை கோதண்டத்துக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே கூட்டம் அதிகமாக இருக்கும் சந்தை நாளாகப் பார்த்துப் போனான்.

ஐந்நூறுக்கு மேல் எடுப்பதென்றால் முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றார் ஜானகிராமன். கோதண்டத்தைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் கணீர்க் குரல் தெருவரைக்கும் போயிற்று. "கேட்டவங்களுக்கு நிதி ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்லை. ஆனா மூவாயிரத்தை எடுத்துக்கிட்டுப் போய் எங்கே வைப்பீங்க? ஓட்டு வீடு, கதவுக்கு ஒரே தாழ்ப்பாள். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

சந்தைக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் கோதண்டத்தின் முகத்தையே பார்த்தார்கள். அதில் இரண்டு பேரின் முகம் அவனுக்குச் சரியாகப் படவில்லை. திடீரென்று தன் வீட்டுத் தாழ்ப்பாள் ஞாபகத்துக்கு வந்து அவனுக்கு வியர்த்துவிட்டது.

"வேணாங்க. இங்கியே இருக்கட்டும். இங்க இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றான்.

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே தன் இடுப்பு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

தூக்கம் என்னவோ வரவில்லை. தெருவில் நாய் குரைத்தால் போலீசு என்று எழுந்து உட்கார்ந்தான். குரைக்காவிட்டால் திருடன் நாய்க்கு எதையோ போட்டுவிட்டான் என்று எழுந்து உட்கார்ந்தான். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது ஒரு டியூபை அடித்து அடித்தே வெடிக்க வைத்தான். கடைசியில் சாமுண்டீஸ்வரியே, பத்து நாள் குத்தம்பாக்கத்தில் தன் தம்பி ஆனந்தன் வீட்டில் போய் இருக்கலாம் என்று முடிவு செய்தாள். அங்கே நிதியைப் பற்றி யாருக்கும் தெரியாது.

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். கோதண்டம் நிலம் வாங்கப் போயிருக்கிறான் என்று குமணன்சாவடி பேசிக்கொண்டது.

குத்தம்பாக்கத்தில் உண்மையிலேயே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. முதல் இரண்டு நாள் கோதண்டம் நன்றாகச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் ஆனந்தன், மாமா ஏன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், கடன் கிடன் பட்டுவிட்டாரா என்று அக்காவிடம் கவலையாகக் கேட்டான். மச்சினன் அப்படி நினைத்துவிட்டானே என்று கோதண்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. நடந்ததை ஒன்று விடாமல் அவனிடம் சொன்னான். வேர்க்கடலை விற்ற காசோடு ஆனந்தனைப் பார்க்க வந்திருந்த நாலு குடியானவர்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதுக்கு நீ இன்னா மாமா பண்ணே?" என்றான் ஆனந்தன்.

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. நூறு ரூபா போட்டேன், அவ்ளோதான். அவங்களா மூவாயிரத்து எரநூறு வட்டின்னு எயுதிட்டாங்க. வேணாம்னு போய்க் கேட்டாக்கூட எடுக்க மாட்டேன்றாங்க."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது தவறுதலாக விழுந்த பணம், ஆவணியில் அடித்துவிடுவார்கள் என்று கோதண்டம் அதற்கப்புறம் அரைமணி நேரம் விளக்கினான். அதை உட்கார்ந்து கேட்க யாருமில்லை. மறுநாள் விடிந்ததும் குத்தம்பாக்கத்திலிருந்து மூன்று வண்டிகள் பூந்தமல்லி ரஸ்தாவில் போயின. கடைசி வண்டியில், ஒரு ஜோடி மாடு விற்ற தொண்ணூறு ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு ஆனந்தன் உட்கார்ந்திருந்தான். கோதண்டம் சிறிது தூரம் பின்னாலேயே ஓடிப் பார்த்தான். மாமா மட்டும் பணத்தைப் பெருக்கலாம், மச்சினன் பெருக்கினால் ஆகாதா என்று ஆனந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆவணி பிறந்து எட்டாம் நாள், கோதண்டம் மறுபடியும் கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது, நிதியிலிருந்து வேம்புலி ஒரு சீட்டு கொண்டுவந்தான். காரியதரிசி உடனே வரச் சொல்லியிருந்தார். கோதண்டம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். சாமுண்டீஸ்வரிக்குச் சொல்லியனுப்பலாமா என்று பார்த்தான். விலங்கு மாட்டினால் மாட்டட்டும், அவள் பார்க்க வேண்டாம் என்று தனியாகவே கிளம்பினான்.

ஜானகிராமன் அறைக் கதவைச் சாத்தினார். சிவப்பு மையைத் தொட்டு, மூவாயிரத்து இருநூறின் மேல் நிதானமாக ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் மூன்று ரூபாய் இரண்டணா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை அவர் குரல் மேஜையைத் தாண்டவில்லை.

"எழுத்துப் பிழை. ஆடிட்டர் கண்டுபிடிச்சிட்டார். உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம்."

கோதண்டத்துக்கு ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. காரியதரிசிக்கு மூன்று தரம் கும்பிடு போட்டான். மறக்காமல் பத்து ரூபாயும் எடுத்துக்கொண்டான். பின்பக்கக் கதவு வழியாகப் போனால் சௌகரியம் என்று அவர் காட்டினார்.

பின்வாசலில் வேம்புலி அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கிருந்து பார்த்தால் முன்வாசல் தெரிந்தது. பணம் கட்டும் வரிசை தெருமுனை வரைக்கும் வளைந்திருந்தது. குமணன்சாவடி ஆட்கள், திருமழிசை ஆட்கள், நடுவே குத்தம்பாக்கத்து முகங்கள். அவனுக்கு வாடகை கொடுக்காமல் போன முதல் ஆளும் அதில் நின்றிருந்தான்.

கோதண்டம் சைக்கிளை வாங்கிக்கொண்டான். போகிற நேரத்தில் மனசில் ஒரு சின்ன உறுத்தல். தான் போய்ச் சொன்னதால்தானே இது இவ்வளவு பெரிதாயிற்று?

"ஏம்ப்பா வேம்புலி, தப்பா எயுதினாரே அந்தக் குமாஸ்தா, அவரு வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே? பாவம், புள்ளகுட்டிக்காரரு."

வேம்புலி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"தப்பு இன்னா தப்பு அண்ணாத்தே, ஐயா வருசா வருசம் யாராச்சும் ஒருத்தர் புஸ்தவத்துல இப்பிடி எயுதச் சொல்றதுதான், போன வருசம் திருமழிசைல ஒருத்தருக்கு எயுதினோம், அந்தாளு வாயைத் தொறக்காம கம்முனு குந்திகினாரு, ஒரு ஆளு பணம் கட்ட வரல, உன்ன மாதிரி ஊர் ஊரா ஓடி ஒயைச்சவங்க இதுவரிக்கும் யாருமே இல்ல."