கலுங்கார் வாயில் வந்த ஏரி

சென்னைக் கோட்டையில் எத்தனையோ எம்.எல்.ஏ.க்கள் கத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு சொல்லுக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு, கடைசியில் அந்தச் சொல்லையே விட்டுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியவர் எங்கள் கலுங்கார் ஒருவர்தான். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அவரும் அந்த வரிசையில் உண்டு.

கண்மாய் நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கட்டிய கல்வரிசைதான் கலுங்கு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் கண்மாய் நிரம்புவதே அபூர்வம். கலுங்கு பாய்ந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும். இவருக்கோ கோபம் தினசரி பாய்ந்தது. காப்பியில் சர்க்கரை கூடினால் பாயும், குறைந்தால் பாயும், சரியாக இருந்தால் "நேத்து ஏன்யா இப்படிப் போடல?" என்று பாயும். வாக்குச்சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது யாருக்கும் ஞாபகமில்லை.

எண்பதுகளில் நான் பாளையம்பட்டியில் மைக் செட் வைத்திருந்தேன். அவர் தேர்தலுக்கு நின்றபோது குழாய் கட்டியவன் நான்தான். முதல் கூட்டத்தில் அவர் சொன்ன "வணக்கம்" தாங்காமல் என் குழாயின் யூனிட் கிழிந்தது. அதற்கும் என்னையே ஏசினார்.

"ஏலே, என்னடா மைக்கு வச்சிருக்க? ஒரு வணக்கத்தைத் தாங்க மாட்டேங்குது."

மற்ற வேட்பாளர்கள் கும்பிட்டு ஓட்டுக் கேட்டார்கள். இவர் ஜீப்பில் நின்றபடி ஜனங்களைத் திட்டிக்கொண்டே போனார். "போன தடவை ஒருத்தனுக்குப் போட்டீகளே, அவன் உங்க ஊருக்கு வந்தானா? வழியாச்சும் தெரியுமா அவனுக்கு? உங்களச் சொல்லணும்." திட்டு வாங்கிய சந்தோஷத்தில் ஜனங்கள் ஜெயிக்க வைத்தார்கள்.

ஜெயித்து நன்றி சொல்ல வந்தவரை எங்கள் ஊரில் சவரியம்மா மறித்தார். கடைதான் பாளையம்பட்டியில், என் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம் இருக்கிற சின்ன ஊர். எங்கள் வயலும் சவரியம்மா வயலும் ஒரே கண்மாய்ப் பாசனம். அந்தக் கண்மாயின் மடை இடிந்து கிடந்தது. மழை பெய்து வருகிற தண்ணீரெல்லாம் இடிந்த மடை வழியாக ஓடைக்குப் போய்விடும். தை பிறக்குமுன் பயிர் கருகும்.

"மடையக் கட்டிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் சவரியம்மா.

"அடுத்த ஐப்பசிக்குள்ள கட்டாட்டி என் பேரை மாத்திக்கிறேன் தாயி."

"எந்தப் பேர?" என்றார் சவரியம்மா. கூட்டம் சிரித்தது. அவர் அதற்கும் பாய்ந்தார்.

மடை இடிந்த கண்மாயைப் பற்றி சட்டசபையில் கேள்வி எழுதிக் கொடுத்தார். அங்கே யாரோ ஒரு வடக்கத்தி மாவட்டத்துப் புத்திசாலி, கண்மாய் என்பது பட்டிக்காட்டுச் சொல் என்று நினைத்து, தங்கள் பக்கம் சொல்கிறபடி ஏரி என்று திருத்திவிட்டான். திருத்திய கேள்வி திருச்சுழி அரசு ஆபீசுக்கு வந்தது. இந்த ஊரில் ஏரி உண்டா? அந்த ஆபீஸ் குமாஸ்தா பொய் சொல்லாதவர். ஏரி இல்லை என்று எழுதி அனுப்பினார். அமைச்சர் அதை அப்படியே படித்தார்: "அவ்வூரில் ஏரி எதுவும் இல்லை. ஆகவே கேள்வி எழவில்லை."

"கேள்வி எழலையா? நான் எந்திரிச்சு நிக்கிறேனே, தெரியலையா? ஏரிய எவன்யா கேட்டான்? நான் கண்மாயக் கேட்டேன்."

அதற்கு மேல் அவர் பேசியதெல்லாம் அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அவரும் அவையிலிருந்து நீக்கப்பட்டார். தூக்கிக்கொண்டு போன காவலர்களிடமும் வாசல் வரைக்கும் கண்மாய்க்கு விளக்கம் சொன்னாராம்.

அங்கிருந்து நேரே திருச்சுழி ஆபீசுக்கு வந்தார். நானும் கூடப் போனேன். குமாஸ்தா நிதானமாக நாற்காலி போட்டார்.

"அய்யா, அவுக ஏரின்னு கேட்டாக. நம்ம பக்கம் ஏது ஏரி? கண்மாய்னு கேட்டிருந்தா இருக்குன்னு எழுதியிருப்பேன்."

"அப்ப இப்ப எழுதுய்யா."

"இனிமே முடியாதுங்கய்யா. ஃபைல்ல ஏரின்னு ஏறிப்போச்சு. கண்மாய்னு கேட்டா அது புது விஷயமாயிரும், முதல்ல இருந்து வரணும். நீங்களும் ஏரின்னே கேட்டுருங்க. இந்தத் தடவை இருக்குன்னு எழுதிடுறேன்."

கலுங்கார் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்கோ அந்த மேஜையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. இடிந்து கிடப்பது மடை, காய்வது எங்கள் வயல், இவர்கள் சொல்லை வைத்துக்கொண்டு தாயம் விளையாடுகிறார்கள்.

ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அதற்குப் பிறகு இவர் மேல் வந்தது. ஏரி என்று கேட்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தார். "எங்க அப்பன் கண்மாயில குளிச்சான், நான் கண்மாயில குளிச்சேன். மெட்ராசுக்காரனுக்காக அத ஏரின்னு சொல்லணுமா?" என்று தெருத்தெருவாகக் கேட்டார். கைதட்டல் கிடைத்தது. ஐப்பசி வந்தது, மழை பெய்தது, தண்ணீர் முழுக்க ஓடையில் போனது. கண் எதிரே போனது. நான் கரையில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

சவரியம்மா ஏசவில்லை. அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறி, அவர் வீட்டு வாசலில் கருகின நெற்கதிரைப் போட்டார்.

"ஏரின்னு சொன்னா உங்க நாக்கு வெந்துருமாய்யா? நாங்க கண்மாய்னுதான் சொல்லுவோம். அது எங்கிட்டும் போகாது. தண்ணிதான் போகுது."

கலுங்கார் கதிரைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தொடரில் எழுந்து கேட்டிருக்கிறார். என் குழாயைக் கிழித்த மனிதர், ஏரி என்ற சொல் வந்த இடத்தில் குரலைக் குறைத்தாராம். "உறுப்பினர் சத்தமாகச் சொல்லுங்கள், காதில் விழவில்லை" என்றாராம் சபாநாயகர். திரும்ப ஒரு தடவை சொல்ல வைத்திருக்கிறார்கள். இதை டீக்கடையில் என்னிடம் சொன்னபோது டீ ஆறிப் போயிருந்தது. அதற்காக அவர் யாரையும் திட்டவில்லை.

குமாஸ்தா ஏரி இருக்கு என்று எழுதி, பணம் வந்து, மடை கட்டி முடிவதற்குள் அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. ஒரு மடையைத் தவிர என்ன செய்தார் என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தோற்றுப்போனார். திறப்பு விழாவுக்கு யாரும் கூப்பிடாமலே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மடைக் கல்வெட்டில் "ஏரி மதகு" என்று வெட்டியிருந்தார்கள்.

"எவன்டா இதுல ஏரின்னு எழுதினவன்?" என்று பாய்ந்தார்.

"நீங்கதான்" என்றார் சவரியம்மா. "போயி கைய நனைச்சுட்டு வாங்க, எல்லாம் நம்ம தண்ணிதான்."

கலுங்கார் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அவர் போன பின், தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகையில் கண்மாய் நிரம்பியது. கலுங்கு பாய்கிற இரைச்சல் ஊருக்குள் கேட்டது. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த சவரியம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவுக பேச ஆரம்பிச்சுட்டாக."

நான் போய்க் கரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மைக் கேட்கவில்லை அவர்.