கப்பலில் ஓர் அங்கிள்

"தம்பிக்கு எத்தனை வயசு சார்?"

"மூணு."

"பொய்! அவனுக்கு இன்னும் ரெண்டே ஆகல ஆன்ட்டி. எங்க அப்பாவுக்குச் சரியா எண்ணத் தெரியாது."

மாஸ்டருக்குக் காது மடல் வரை சூடேறியது. கப்பலின் விளையாட்டு அறை வாசலில், ஒரு கையில் மகனும் மறு கையில் மகளுமாக நின்றிருந்தார். உள்ளே, பெற்றோர் தொல்லையில்லாத பிள்ளைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். மேல்தளத்தில், பிள்ளைகள் தொல்லையில்லாத பெற்றோர்கள் மல்லாந்து கிடந்தார்கள். இந்த இரண்டு சொர்க்கங்களுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு மரக் கதவு. அதற்குப் பின்னால் பொறுப்பாளர் பெண் சிரித்த முகமாக நின்றாள்.

"மூணு வயசு முடிஞ்சிருக்கணும் சார். டயப்பரும் கூடாது. பாப்பாவ மட்டும் வேணும்னா விட்டுட்டுப் போங்க."

"தம்பி இல்லாம நான் போகமாட்டேன்" என்று பாப்பா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே 'என்மேல மூச்சு விடுறான்' என்று புகார் சொல்லும் பிள்ளை. கப்பலில் ஏறியதும் எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பாசம்.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். காலையிலிருந்து பொழுது சாயும் வரை, ஊரில் உள்ளவர்களின் பதற்றத்தையெல்லாம் அந்தக் காலால் மிதித்து நிறுத்துவதுதான் வேலை. "பயப்படாதீங்க, நிதானமா, நிதானமா" என்று நாளெல்லாம் சொல்கிற வாய்க்கு, வீடு வந்து சேரும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சமிருக்கும்: "சத்தம் போடாதீங்க, அப்பா தூங்கணும்."

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். வீட்டில் அவள் பெயர் வாயாடி. மகனை எல்லாரும் பூசணி என்றார்கள். பார்த்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். அவளுக்கும் ஓய்வு தேவைதான். ஆனால் அவள் கேட்டது கப்பல் அல்ல.

"எங்க அக்கா வீட்டுக்குப் போலாங்க. பின்பக்கம் தோட்டம் இருக்கு. பசங்க மண்ணுல புரளட்டும், நாம தூங்கலாம்."

"கப்பல்ல எல்லாத்தையும் அவங்களே பாத்துப்பாங்களாம்."

"எல்லாத்தையும்னா? பிள்ளைங்களையுமா?"

"பிள்ளைங்களத்தான் முக்கியமா!"

இப்போது அந்த மரக் கதவின் முன்னால் நின்றுகொண்டு, அக்கா வீட்டுத் தோட்டத்தை மாஸ்டர் முதல்முறையாக ஆசையோடு நினைத்துக்கொண்டார்.

அறைக்குத் திரும்பினால் அது வேறு கதை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பூசணியின் தொட்டிலை விரித்தால் குளியலறைக் கதவு திறக்காது. குளியலறைக் கதவு திறக்க வேண்டுமென்றால் பூசணியைத் தூக்க வேண்டும். தூக்கினால் விழித்துக்கொள்வான். விழித்தால் வாயாடியும் விழித்துக்கொண்டு கடலைப் பற்றிக் கேள்வி கேட்பாள்.

"கடலுக்கு அடியில யாரு தண்ணிய அடைச்சு வெச்சிருக்காங்க?"

ஆகவே கணவனும் மனைவியும் முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் அவள், மதியம் இவர். ஒருவர் பிள்ளைகளோடு திரிய, மற்றவர் தூங்கலாம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் ஊர் சுற்ற வந்த தம்பதி, ஆலைத் தொழிலாளிகளைப் போல நடைவழியில் சந்தித்துப் பொறுப்பை மாற்றிக்கொண்டார்கள்.

"இவன் சாப்ட்டான். அவ சாப்பிடல. ஒரு செருப்பக் காணோம்."

"யாரோட செருப்பு?"

"என்னோடது."

அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் மதியம் விளையாட்டு அறை வாசலில் வேறொரு பெண் நின்றிருந்தாள். மாஸ்டருக்கு மனசுக்குள் விளக்கு எரிந்தது. மறைவாகப் போய்ப் பூசணியின் டயப்பரைக் கழற்றினார். வாயாடியின் பழைய கால்சட்டை ஒன்றை மாட்டினார். வாயாடிக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி வாயை அடைத்தார்.

"தம்பிக்கு என்ன வயசு?"

"மூணு" என்றார் மாஸ்டர்.

"மூணேதான் ஆன்ட்டி!" என்றாள் வாயாடி. "மூணுக்கும் மேலயே இருக்கும்! முப்பதுகூட இருக்கும்!"

கதவு திறந்தது. மாஸ்டர் மேல்தளத்துக்கு ஓடி ஒரு சாய்வு நாற்காலியில் விழுந்தார். காற்று முகத்தில் பட்டது. எங்கோ யாரோ கித்தார் வாசித்தார்கள். கண் செருகும் நேரத்தில் எதிரே ஒரு நிழல் விழுந்தது. விளையாட்டு அறைப் பெண். பூசணியின் அக்குளைப் பிடித்து, கை எட்டும் தூரத்துக்கு விலக்கித் தூக்கி வந்திருந்தாள். கால்சட்டையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"எல்லாப் பிள்ளைங்களும் தாள்ல கடல் வரைஞ்சிட்டிருந்தாங்க சார். உங்க பையன் நிஜமாவே கொண்டுவந்துட்டான்."

"ஏதோ பழக்கதோஷம்..."

"நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க சார். ரெண்டு பேருக்குமே இடமில்ல."

ஐஸ்கிரீம் கைக்கு வராமலே வாயாடியும் வெளியே தள்ளப்பட்டாள். அதை அவள் கப்பலுக்கே கேட்கும்படி சொல்லத் தொடங்கினாள். அவளைச் சமாதானப்படுத்தத்தான் மாஸ்டர் இருவரையும் நீச்சல்குளத்துக்குக் கூட்டிப்போனார்.

பெரியவர்களுக்கு ஒரு குளம், பக்கத்திலேயே கணுக்கால் அளவுத் தண்ணீரோடு பிள்ளைகளுக்கு ஒரு குளம். டயப்பர் வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடையாது என்று பலகை சொன்னது. மாஸ்டர் பூசணிக்குப் புது டயப்பர் போட்டார். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார். மகளைத் தோளில் தட்டினார்.

"தம்பி குளத்துப் பக்கம் போகாம நீ பாத்துக்கணும். இன்னிக்கு நீதான் மாஸ்டர். சரியா?"

"அப்ப நீங்க?"

"நான் சும்மா கண்ண மூடிட்டு, உங்களையேதான் பாத்துட்டிருப்பேன்."

வாயாடி அதை நம்பினாள். அப்பா சொல்வதையெல்லாம் நம்புகிற வயது.

விசில் சத்தத்தில் மாஸ்டர் திடுக்கிட்டு விழித்தார். வலது கால் தானாகத் தரையை மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

பிள்ளைகள் குளத்தின் நட்டநடுவில் பூசணி உட்கார்ந்திருந்தான், பிறந்த மேனியாக. அவன் முகத்தில் பெரிய காரியம் ஒன்றை நல்லபடியாக முடித்தவனின் நிம்மதி. அவனைச் சுற்றியிருந்த தண்ணீரைப் பார்த்த குளத்துக் காவலர் மறுபடியும் விசிலடித்தார்.

"எல்லாரும் மேல வாங்க! ரெண்டு குளத்துக்கும் ஒரே தண்ணிதான்! எல்லாரும் மேல வாங்க! இன்னிக்குக் குளம் மூடியாச்சு!"

கும்பல் கும்பலாக எழுந்து வந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் மீசையை வெறியோடு துடைத்தார். புதுமணத் தம்பதி ஒன்று ஒருவரையொருவர் தொடாமல் தள்ளி நின்றது.

"யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று மீசைக்காரர் கத்தினார்.

எல்லாருடைய கண்களும் நாற்காலி வரிசையில் ஊர்ந்து வந்தன. வந்து, மாஸ்டர் மேல் நின்றன.

"உங்க பையனா சார்?"

அந்த ஒரு நொடியை மாஸ்டர் பிற்பாடு எத்தனையோ தடவை மனசுக்குள் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் 'ஆமாம்' என்று சொல்ல நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது.

"இல்லையே. யாருன்னு தெரியல" என்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "பெத்ததுங்க எங்க போய்த் தொலைஞ்சுதுங்களோ."

சொல்லிவிட்டுத் திரும்பினால், பக்கத்திலேயே வாயாடி நின்றிருந்தாள். கழற்றி எறிந்த டயப்பரைப் பொறுப்பாகக் கையில் வைத்திருந்தாள். அப்பாவிடம் கொடுக்கத்தான் எடுத்து வந்திருக்க வேண்டும்.

யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்துகிற வாய் அது. இப்போது திருத்தவில்லை. அப்பாவை ஒரு முறை பார்த்தாள். பிறகு போய், துண்டு சுற்றிய தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா தம்பி" என்றாள். காவலர் இருவரையும் அழைத்துப் போனார்.

மாஸ்டர் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் மீசைக்காரர் இன்னும் அங்கேயே நின்று புலம்பிக்கொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார். அதற்குள் ஒலிபெருக்கி முந்திக்கொண்டது.

"ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் தகவல் மேசையில் இருக்கிறார்கள். சிறுவன் குண்டாக இருப்பான். பெற்றோர் உடனே வரவும்."

மாஸ்டர் படிகளில் உருண்டு புரண்டு இறங்கினார். தகவல் மேசையில் வெள்ளைச் சீருடை அதிகாரி ஒருவர் இருந்தார். பிள்ளைகள் மேசைமேல் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், இது என் பிள்ளைங்க."

"அப்படியா? பாப்பா, இவரு உங்க அப்பாவா?"

வாயாடி நிதானமாக அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இல்ல அங்கிள். இவருக்கு எங்களத் தெரியாதாம். இவரேதான் எல்லார்கிட்டயும் சொன்னாரு."

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் அதிகாரி. குரல் மாறிவிட்டது.

"அய்யோ, நான்தான் சார்! பையன் மூஞ்சியப் பாருங்க, என் மூஞ்சி!"

பூசணி இதுதான் சமயம் என்று அதிகாரியின் தோளில் முகம் புதைத்துக்கொண்டான்.

கடைசியில், காபிக் கூடத்தில் ஓய்வாக இருந்த மனைவியைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். பிள்ளைகள் "அம்மா!" என்று பாய்ந்தார்கள். வாயாடி ஒன்றுவிடாமல் சொன்னாள். தெரியாது என்று சொன்னதை, தொலைஞ்சுதுங்களோ என்று சொன்னதை, அப்பாவின் குரலிலேயே சொன்னாள்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு புயலுக்காகக் காத்திருந்தார்.

புயல் வரவில்லை. மனைவியின் முகம் வெளுத்தது. கண்கள் நிறைந்தன. பூசணியை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"விடுங்க. போலாம்" என்றாள்.

"நான் வேணும்னு..."

"விடுங்கன்னு சொல்றேன்ல."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பார். அக்கா வீட்டுத் தோட்டத்தைச் சொல்லிக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பெருந்தன்மைதான் அவரைப் பிழிந்தது. இப்படிப்பட்டவளைப் போய் ஆலைத் தொழிலாளியாக்கி நடைவழியில் நிற்க வைத்தோமே என்று மருகினார். பிள்ளைகளோடு இருக்கத்தானே லீவு போட்டோம்? கப்பலில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து அவர்களை எங்கே விடலாம் என்றுதானே அலைந்தோம்? கேட்க ஆளில்லாததால் தன்னையே கேட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து முறை கிறை எல்லாம் விட்டார். நாள் முழுக்கப் பிள்ளைகள் அவரிடமே இருந்தார்கள். மனைவியைத் தூங்கச் சொன்னார். அவளோ தூங்காமல், காபிக் கூடத்துக்கும் போகாமல், அறையிலேயே சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்கு வலித்தது.

வாயாடி முரண்டு பிடிக்கவில்லை. மரியாதையாக நடந்துகொண்டாள்.

"அங்கிள், தண்ணி வேணும்."

"அப்பான்னு கூப்பிடும்மா."

"தேங்க்ஸ் அங்கிள்."

கடலுக்கடியில் தண்ணீரை யார் அடைத்து வைத்தார்கள் என்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவராகவே வலியச் சொல்லப் போனார். "பரவால்ல அங்கிள், எங்க டீச்சரக் கேட்டுக்கறேன்" என்றாள்.

கடைசி நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பாதிக் கப்பல் கூடியிருந்தது. இரண்டு மேசை தள்ளி மீசைக்காரர். புதுமணத் தம்பதி மறுபடியும் கைகோத்திருந்தது. பரிமாறுகிறவர் கேட்டார், "பாப்பாவுக்கு என்ன வேணும்?"

"இந்த அங்கிளக் கேளுங்க. இவர்தான் எங்களக் கூட்டிட்டு வந்தாரு."

மாஸ்டர் எழுந்தார். நாற்காலி சத்தத்தோடு பின்னால் சாய்ந்தது. கூடம் திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் மன்னிக்கணும்" என்றார். "அன்னிக்குக் குளத்த மூட வெச்சது என் பையன். இவன்தான். இது என் பொண்ணு. தெரியாதுன்னு சொன்னது நான். தொலைஞ்சு போனதும் நான்தான். தண்ணி கெட்டதுக்கு இவங்க பொறுப்பில்ல. நான் தூங்கிட்டேன்."

மீசைக்காரர் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார்.

"அது அன்னிக்கே தெரியும் சார்" என்றார். "அந்த மூஞ்சிய வேற யாரு பெத்திருக்க முடியும்?"

கூடம் அதிரச் சிரிப்பு. மாஸ்டரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. மனைவி மட்டும் தலையை நிமிர்த்தவேயில்லை. தட்டைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

சட்டையை யாரோ இழுத்தார்கள்.

"அப்பா."

"என்னம்மா?" குனிந்தார். "என்னடா தங்கம்?"

"பூசணி மேசைக்கடியில டயப்பரக் கழட்டிட்டான்."

மறுநாள் காலை இறங்கும் வரிசை மெல்ல நகர்ந்தது. வாயாடி அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து, கடலுக்கு மூடி உண்டா இல்லையா என்று வாதாடிக்கொண்டிருந்தாள். மனைவி பூசணியை இடுப்பில் வைத்திருந்தாள். மாஸ்டர் மெதுவாகச் சொன்னார்.

"அடுத்த லீவுக்கு உங்க அக்கா வீடுதான். நீ ஒரு வார்த்த திட்டல பாரு, அத நான் சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்."

"சீக்கிரம் நடங்க" என்றாள் மனைவி. யாரையோ பார்த்துவிட்டவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நுழையப் பார்த்தாள்.

ஆனால் வரிசை நகரவில்லை. பக்கத்து வரிசையிலிருந்து பெரிய தொப்பி வைத்த ஒரு பெண்மணி எட்டி மனைவியின் கையைப் பிடித்தாள். இடுப்பிலிருந்த பூசணியையும் தோளிலிருந்த வாயாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான பரிதாபம்.

"அடப்பாவமே! ரெண்டாம் நாள் காலைல இதுங்க கேக் மேசையக் கவுத்தப்ப, 'யார் பெத்த பிள்ளைங்களோ, எனக்குத் தெரியாதுங்க'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டு நிம்மதியாக் காபி குடிச்சீங்களே, கடைசில உங்க தலையிலயே கட்டிட்டுப் போயிட்டாங்களா?"